வலது கைக்கு வந்த பயம்

என் அக்கா புருஷன் முடி திருத்துகிறவர். முப்பது வருஷமாக ஒரே கடை, ஒரே நாற்காலி. கழுத்தில் கத்தி இருக்கும்போதே கதை சொல்லிச் சிரிக்க வைப்பார், ஒரு கீறல் விழாது. போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை துவண்டுபோனது. வாய் மட்டும் தப்பித்தது. அந்த வாயை மடக்க எந்த நோய்க்கும் தெம்பில்லை என்று கிண்டல் செய்தேன்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் தப்புப் பண்ணினோம். இடது கையால் அவர் முதல் தடவை சட்டைப் பொத்தானைப் போட்டபோது அக்கா அழுதேவிட்டாள். நான் கை தட்டினேன். ஸ்பூன் பிடித்தார், அதற்கும் தட்டினேன். வலது கையை யாரும் கண்டுகொள்ளவில்லை.

பயிற்சி கொடுக்க வந்த பெண்தான் போட்டு உடைத்தாள். "அந்தக் கையில பலம் வந்துடுச்சு. அவர்தான் அதை உபயோகிக்க மாட்டேங்கறார். தினம் மூணு மணி நேரம் இடது கையை உறையில போட்டுக் கட்டி வைங்க, அப்பதான் வலது கை வேலை செய்யும். தள்ளிப் போட்டீங்கன்னா, அப்புறம் கஷ்டம்."

நான் எலக்ட்ரீஷியன். கரண்ட் வருகிறது, பல்பும் நன்றாக இருக்கிறது, ஸ்விட்சை மட்டும் தொடமாட்டேன் என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அத்தான் அப்படித்தான் மூன்று மணி நேரமும் உட்கார்ந்திருந்தார். தாகத்துக்குக்கூட டம்ளரைத் தொடவில்லை. அக்கா மனசு கேட்காமல் தண்ணீரைப் புகட்டிவிட்டாள்.

"என்ன அத்தான், சின்னப் புள்ளையா நீங்க? தூக்கித்தான் பாருங்களேன்."

"தூக்கி, வரலைன்னா?"

"நாளைக்குத் தூக்குங்க."

"உனக்கு நாளைக்கு. எனக்கு அதோட முடிஞ்சுது மாப்ள. இப்பவாவது, வந்தாலும் வரும்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

நான் அதற்கும் கத்தினேன்.

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கடைக்கு இழுத்துப் போனேன். இடது கையைக் கட்டினேன். நாற்காலியில் நானே உட்கார்ந்து, "எனக்கு சவரம் பண்ணுங்க" என்றேன்.

பிரஷ்ஷை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு வலது கை அதை எடுத்தது. கன்னத்துக்குப் போன சோப்பு மூக்கிலும் காதிலும் அப்பியது. "மூக்குலயும் தாடி வச்சிருக்கியே மாப்ள" என்றார். எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு! நுரை மெல்ல மெல்ல ஒழுங்காக ஏறியது. நான் சொல்லாமலே அவராகவே கத்தியை எடுத்து நீட்டினார், புது பிளேடை நான் செருகிக் கொடுத்தேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கத்தி என் காதுக்குக் கீழே வந்தது. லேசாக நடுங்கியது, அவ்வளவுதான்.

என் கை என்னைக் கேட்காமல் எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது.

கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "பரவால்ல மாப்ள" என்று கத்தியை வைத்துவிட்டு, கட்டை அவிழ்க்கச் சொன்னார்.

நாலு மாதம் ஆகிறது. உறையை மாட்ட விடுவதில்லை. அந்தக் கை மடியிலேயே கிடக்கிறது, விரல்கள் மடங்க ஆரம்பித்துவிட்டன. ஒவ்வொரு ஞாயிறும் தாடியோடு போய் நிற்கிறேன். "கண்ணை மூடிக்கிறேன் அத்தான், அசையமாட்டேன்" என்று கெஞ்சுகிறேன்.

"உன் மேல தப்பில்ல" என்கிறார். "நானா இருந்தாலும் பிடிச்சிருப்பேன்."

ஒரு தடவையாவது அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.