கடிகாரம் தெரிய ஒரு படம்

கைக்கடிகாரத்தைக் கழற்றி, முள் தெளிவாகத் தெரியும்படி தன் போனுக்குப் பக்கத்தில் வைக்கிறார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறார்: "உன் போனை ஒரு நிமிஷம் குடேன்."

"உங்க போனுக்கு என்ன கேடு?" என்றபடி மனைவி ஈரக் கையோடு நீட்டுகிறார்.

"அதுலயே எடுத்தா, படத்தைத் திருத்திட்டேன்னு சொல்லுவானுங்க."

பல் செட் செய்வது இவர் தொழில். நகக்கண்களில் எந்நேரமும் அச்சு வார்க்கும் சாந்தின் வெள்ளை. இணையத்தில் பங்கு வாங்கி விற்கும் நானூறு பேர் கொண்ட குழுவில் இவரை 'டாக்டர்' என்பார்கள். "டாக்டர் இல்லீங்க, பல் செட் செய்றவன்" என்று ஏழு வருடமாகச் சளைக்காமல் பதில் போடுகிறார்.

மற்றவர்கள் ஏறும் பங்கைத் தேட, இவர் இறங்கப்போவதைத் தேடுகிறார். பங்கைக் கடனாக வாங்கி விற்றுவிட்டு, விலை சரிந்ததும் வாங்கித் திருப்பிக் கொடுக்கிற வியாபாரம். குழுவில் 'ராக்கெட்' என்று ஒருவர் இருக்கிறார். "அடுத்தவன் வீட்டுல இழவு விழக் காத்திருக்கிற ஆளு" என்று அவர் எழுதினார். "வெல ஏறினா இழவு என் வீட்டுலதாங்க" என்றார் இவர். விற்றாலும், திரும்ப வாங்கி வெளியேறினாலும், போனில் தெரியும் பதிவை அன்றைக்கே கடிகாரத்தோடு படம் எடுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் பேச்சுக்கு மதிப்பில்லை. குழுவில் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவரே இவர்தான்.

போன மாதம் ஒரு பேட்டரி கம்பெனியின் ஆண்டறிக்கையை, பல்லில் கீறல் பார்க்கும் பூதக்கண்ணாடியால் வரிவரியாகப் படித்தார். விற்காத சரக்கு கிடங்கில் குவிந்திருந்தது. விலை சரியும் என்று எழுதி, விற்று, படமும் போட்டார். ஒன்பது நாள் ஏறிக்கொண்டே போனது. "என்ன டாக்டர், பல்லு ஆடுதா?" என்றார் ராக்கெட்.

பத்தாம் நாள் மதியம் தாங்க முடியாமல் நஷ்டத்தோடு வெளியே வந்துவிட்டார். மனைவி வேலைக்குப் போயிருந்ததால் படம் எடுக்கப் போன் இல்லை. சாயங்காலம் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தவர், அவசரமாக வந்த ஒரு கீழ்த்தாடைப் பல் செட் வேலையில் மறந்துபோனார்.

மறுநாள் சந்தை திறந்த பத்து நிமிஷத்தில் விலை கால்வாசி சரிந்தது. குழு அதிர்ந்தது. "தலைவா, நீங்க தெய்வம்!" ராக்கெட்டே எழுதினார்: "மன்னிச்சிருங்கண்ணே. இனிமே உங்க சொல்லுக்கு மறுபேச்சு இல்ல."

இவர் அரைக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அதை இரண்டு முறை படித்தார்.

வேலைக்குக் கிளம்பிய மனைவி வாசலில் நின்றார். "நேத்தே வெளிய வந்தது யாருக்குத் தெரியும்? கும்பிடுறாங்க, கும்பிட்டுட்டுப் போகட்டும்."

"நாளைக்கு அந்த ராக்கெட் பொய்ப் படம் போட்டா, நான் எந்த வாயால கேக்கிறது?"

மனைவி போன் இருந்த கைப்பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

இவர் தன் போனில் நேற்று மதியம் இரண்டு பத்துக்குப் பங்கைத் திரும்ப வாங்கிய பதிவைத் திறந்துவைத்தார். அதன் பக்கத்தில் கடிகாரத்தை வைத்தார். மணி ஒன்பது நாற்பது. கடிகாரக் கண்ணாடியில் படிந்திருந்த வெள்ளைத் தூளைச் சட்டை நுனியால் துடைத்தார். பிறகு மனைவியை நோக்கிக் கையை நீட்டி, நீட்டியபடியே நின்றார்.