போய்ச் சேராத கட்டளை

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். பக்கங்களைத் திருத்தத் திருத்த ஒவ்வொரு நிலையையும் பத்திரமாக வைத்திருக்கும் மென்பொருளை அங்கே கொண்டுவந்தது நான்தான். தினசரி காலண்டர் தாள்களை டைப் செய்தவர் ஒரு அக்கா. ராகுகாலம், நட்சத்திரம், திதி எல்லாம் அவர் கண்ணைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். பிழை பார்த்து முடித்த பிறகு மென்பொருளில் ஏற்றினால் போதும் என்று அவருக்குச் சொல்லியிருந்தேன்.

ஒரு மதியம் அக்கா சாப்பிடப் போயிருந்தார். அவர் கம்ப்யூட்டரில், மென்பொருளில் ஏற்றாமல் கிடந்த வேண்டாத கோப்புகளை அந்த மென்பொருளைக் கொண்டே சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். 'எதையும் அழிக்காதே, எதை அழிப்பாய் என்று மட்டும் காட்டு' என்ற குறிப்பையும் கட்டளையோடு சேர்த்தே அடித்தேன். திரையில் பெயர்கள் வரிசையாக ஓடின. அக்காவின் கோப்புகளும் அதில் இருந்தன. வெறும் பட்டியல்தானே என்று விட்டுவிட்டேன்.

அக்கா திரும்பி வந்து பார்த்தபோது நான்கு மாதத் தாள்களைக் காணவில்லை. பிழை பார்த்து முடியாததால் அவை மென்பொருளில் ஏறியிருக்கவும் இல்லை. முதலாளி வந்தார்.

"நா சேவ் பண்ணிட்டுத்தான் போனேன், மொதலாளி" என்றார் அக்கா.

முதலாளி என்னைப் பார்த்தார். என் கட்டளைதான் அழித்துவிட்டதோ என்று எனக்குள் சந்தேகம் தட்டிவிட்டது. ஆனாலும், "அக்கா மறந்துருப்பாக போல" என்றேன்.

பத்து நாளில் அத்தனையையும் அக்கா மறுபடி டைப் செய்தார். அது முடிந்ததும் காலண்டரின் மேல் விளிம்பில் தகரப் பட்டை அடிக்கும் பகுதிக்கு அவரை மாற்றிவிட்டார்கள்.

அதற்கப்புறம்தான் மென்பொருளைப் பிரித்துப் பார்த்தேன். அழிக்கும் வேலையை அது தானே செய்யாமல் இன்னொரு சிறு நிரலை ஏவியிருக்கிறது. நான் கொடுத்த 'அழிக்காதே' என்ற குறிப்பை அந்த நிரலுக்குச் சொல்லவே இல்லை. அதுவோ நிஜமாகவே அழித்துவிட்டது. திருத்த ஒரு வரியே போதுமானதாக இருந்தது.

தகரச் சத்தத்துக்கு நடுவே அக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கையை நிறுத்தவில்லை.

"இப்ப வந்து ஏங்கிட்ட சொல்றீக. அன்னைக்கு அங்கன, மொதலாளி முன்னாடில்ல சொல்லியிருக்கணும்?"

அன்றே முதலாளியிடமும் சொன்னேன். "வேலதான் முடிஞ்சுருச்சே, விடுங்க தம்பி" என்று போனை எடுத்துக்கொண்டார். அக்காவைப் பழைய இடத்துக்கு மாற்றச் சொல்லி இன்னொரு முறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

தீபாவளிக்கு முன்பே அக்கா வேறு அச்சகத்துக்குப் போய்விட்டார். கடைசி நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார். என் அறைப் பக்கம் வரும்போது நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.