என் தண்ணீரைப் பாய்லர் குடிக்காதாம்!

இன்று காலை மின்நிலையத்தில் என் கிணற்றுத் தண்ணீர் தோற்றுப்போனது. அதுவும் யாரிடம்? பக்கத்து நிலத்துச் சரோஜாவிடம்!

மண்ணூர்ப் பக்கம் மரக்கழிவை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். கம்பெனிகளில் சரக்கு அடுக்கி உடைந்துபோகும் மரப் பேலட்டுகளும் மரத்தூளும்தான் விறகு. பாய்லர்களுக்குத் தினமும் டேங்கரில் தண்ணீர் வேண்டுமாம்.

கிணறு என் கணவர் வெட்டியது. அவர் போனதிலிருந்து, "நிலத்தை வித்துடும்மா" என்று மகன் நச்சரிக்கிறான். இந்த ஆர்டர் கிடைத்தால் அவன் வாயை அடைத்துவிடலாம்.

எங்கள் தெருவே என் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கும். அப்படி ஒரு ருசி! சரோஜாவின் தண்ணீர் சப்பென்று இருக்கும். காபிக்குக்கூட ஆகாது.

கண்ணாடி பாட்டிலைக் கொதிநீரில் அலசி, ஆங்கிலத்தில் பெயர் எழுதி ஒட்டிக் கொண்டுபோனேன். (கான்வென்ட் கையெழுத்து. இன்னும் கோணவில்லை!)

சரோஜா ஒரு பழைய ஜூஸ் பாட்டிலில் கொண்டுவந்தாள். மூடிகூட வேறு நிறம்.

அங்கே தண்ணீரைச் சோதிக்கும் லேபில் இருந்த திருநெல்வேலிப் பெண் இரண்டிலும் ஏதோ மருந்து விட்டாள். இரண்டும் திராட்சைச் சிவப்பாயின. பிறகு இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

சரோஜாவுடையது உடனே நீலமாகிவிட்டது. என்னுடையது அசையாமல் சிவப்பாகவே நின்றது.

நல்ல சரக்கு, சாயம் போகாது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்!

"நீலமாகவே மாட்டேங்கு, உங்க தண்ணி ரொம்ப ஹார்டும்மா. பாய்லர் குழாய்ல சுண்ணாம்பா படிஞ்சிரும். சுண்ணாம்பைப் பிரிக்கிற எங்க சாஃப்ட்னர் மெஷினும் தாங்காது" என்றாள் அந்தப் பெண்.

"ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லும்மா!"

"நான் குடிப்பேம்மா. பாய்லருக்கு ருசி தெரியாதுல்லா?"

சரோஜா சும்மா இருப்பாளா? "இன்னாக்கா, உங்க தண்ணில பருப்பே வேகாது. இங்க மட்டும் வெந்துடுமா?"

லேபே சிரித்தது.

ஆர்டர் அவளுக்கு. எட்டாவது தாண்டாதவள், "தேங்க்யூ மேடம்" என்றாள். உச்சரிப்பு சரியாகவே இருந்தது. அதுதான் இன்னும் எரிகிறது!

மதியம் அவளுடைய டேங்கர் டிரைவர் என் வாசலில் நின்றான், கையில் ஒரு குடத்தோடு.

"சரோஜாம்மா குடுத்து வுட்டாங்கம்மா. பருப்பு வேக வைக்கறதுக்காம்."

ஒரு சொட்டுச் சிந்தாமல் திருப்பி அனுப்பினேன்.

(மகனே, இதைப் படித்துவிட்டு போன் செய்யாதே. நிலம் விற்பதற்கில்லை!)

நட்புகளே, வத்தக்குழம்பைத் தவிர, பருப்பே போடாமல் வேறு என்னென்ன வைக்கலாம்?