சிவக்கக் கூடாத பழம்

கொஞ்ச நாளாகக் காலையில் எழுந்ததும் ஒரே வேண்டுதல்தான். ஒரு அத்திப்பழம் சிவக்கக் கூடாது. அதுவும் என் கொல்லைப் பழம் இல்லை, அடுத்த ஊர்ப் பழம். இந்த வயதில், இந்த வேலை!

விஷயம் இதுதான். ரபீக் என்று ஒரு பிள்ளை பைக்கில் வந்து இறங்கினான். யார் அவன்? ஜைனம்புவின் மருமகன். ஜைனம்பு யார்? இருங்கள்... ஒவ்வொன்றாக வருகிறேன். அவசரப்பட்டால் எனக்கு எல்லாம் கலந்துவிடும். நான் போனில் சொல்ல, பத்திரிகை ஆபீசில் எழுதிக்கொள்கிறார்கள். அவர்களும் பாவம்.

அரசலாற்றுக்கு அந்தக் கரையில் ஜைனம்பு வீடு. அவள் புருஷன் மளிகைக்கடை வைத்திருந்தார். என் மாடுகளுக்குப் பிண்ணாக்கு, தவிடு எல்லாம் அங்கேதான். அந்தப் பழக்கத்தில் அவள் எனக்குத் தங்கச்சி ஆகிவிட்டாள். அவர் காலமானபிறகு மகன் சாதிக் மஸ்கட் போனான். மகளைக் கட்டியவன்தான் இந்த ரபீக். இப்போது அந்த வீட்டிலேயே இருக்கிறான்.

வந்தவன் சட்டைப்பையிலிருந்து ஒரு இலையை எடுத்து நீட்டினான்.

"பெரியவரே, இதைப் பாத்துச் சொல்லுங்க. இது மச்சான் மஸ்கட்லேருந்து கொண்டாந்த வெள்ளை அத்தியா, நர்சரியில வாங்குன செடியா?"

"ஏன் தம்பி, திடீர்னு?"

"கார் வாங்கியிருக்கேன். தெருவுல நிக்குது. மரத்தை எடுத்தா ஒரு ஷெட் போட்டுரலாம். மாமி விட மாட்டேங்கிறாங்க. என் மவன் மரம்கிறாங்க. அவன் மரம்னா நானே தண்ணி ஊத்துறேன். இல்லேன்னா... எதுக்கு வச்சிக்கிட்டு? நீங்க சொன்னா மாமி கேப்பாங்க."

"இலையை வச்சுச் சொல்ல நான் என்ன ஜோசியக்காரனா?"

உண்மையாகத்தான் சொன்னேன். அத்தி இலையை நம்பவே முடியாது. ஒரே மரத்தில் ஒரு இலை முழுசாக இருக்கும், ஒன்று மூன்று விரல் விரிக்கும், ஒன்று ஐந்து. இலையைப் பார்த்து ரகம் சொல்கிறவன் பொய் சொல்கிறான்.

நெல்லிலும் இந்தக் கதைதானே? நாற்றங்காலில் எல்லாம் ஒரே பச்சை. நடவு நட்டு, களை எடுத்து, நாம் பாட்டுக்குப் பெருமையாக வரப்பில் நின்றுகொண்டிருப்போம். கதிர் வெளியே வருகிறபோதுதான் நடுவில் ஒன்று நெட்டையாக எட்டிப் பார்க்கும் — கலப்பு! என் அப்பா அப்படி ஒரு வருஷம் வயல் நடுவில் உட்கார்ந்தவர், சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. கதிர் வராமல் எதுவும் தெரியாது. அத்தியில் பழம் வராமல் எதுவும் தெரியாது.

வெள்ளை அத்தி என்றால் சுண்ணாம்பு மாதிரி இருக்கும் என்று நம்பி நட்டுவிட்டு, என்னைப் போனில் திட்டியவர்கள் உங்களில் உண்டு. அது பெயரில்தான் வெள்ளை. பழுத்தாலும் பச்சைதான். மிஞ்சிப்போனால் லேசாக ஒரு மஞ்சள் தட்டும். காம்பு துவண்டு, பழம் தலை தொங்கும். தோலில் நூல் நூலாக வெடிக்கும். பறித்தால் காம்பில் பால் வடியாது. அப்போது பழம். மற்ற அத்தி அப்படி இல்லை — ஊருக்கே சொல்லிவிட்டுத்தான் பழுக்கும். காம்பை ஒட்டிய தோளில் சிவப்பு ஏறி, பிறகு கத்தரிக்காய் நிறம்.

என் கொல்லையில் வெள்ளையில் மூன்று ரகம் நிற்கிறது. ஒன்று உருண்டை, உள்ளே தேன் நிறம். ஒன்று கழுத்து நீண்டது, பிளந்தால் ரத்தச் சிவப்பு. மூன்றாவதற்கு நர்சரிக்காரர் போகும்போதெல்லாம் ஒரு பெயர் சொல்கிறார். நானும் தலையாட்டிவிட்டு வருகிறேன். நமது களிமண்ணில் இதுகளை நிறுத்தியது பெரிய பாடு. நெல்லை வாழ வைக்கிற மண், அத்திக்குக் குழி தோண்டுகிற மண். வேரில் தண்ணீர் நின்றால் போச்சு. முதலில் வைத்தவை எல்லாம் அழுகிய பிறகுதான் எனக்கு மணல் மேடு கட்டத் தெரிந்தது.

சாதிக் வீட்டில் மேடு கட்டவில்லை.

கடைசியாக லீவில் வந்தபோது, முதலாளி தோட்டத்து வெள்ளை அத்தியில் ஒரு குச்சி ஒடித்து, ஈரக் கைலியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். "தனியா நிக்க வேணாம்" என்று கும்பகோணம் நர்சரியில் சிவப்பு அத்தி ஒன்றும் வாங்கினான். இரண்டையும் வாசலுக்குப் பக்கத்தில், ஒன்றுக்கொன்று கைக்கெட்டும் தூரத்தில் நட்டுவிட்டுப் போனான்.

ஐப்பசி மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றித் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீர் வடிவதற்குள் மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. தூங்கப் போனவன் காலையில் எழுந்திருக்கவில்லை. முப்பது வயதுகூட ஆகவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

அந்த வீட்டில் அப்போது யார் செடியைப் பார்த்தார்கள்? இலை உதிர்ந்து இரண்டு குச்சி நின்றது. ஒன்று அழுகிவிட்டது. சேறு வழித்தவர்கள் அதைப் பிடுங்கி, சேற்றோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மாசியில் மிச்சக் குச்சி துளிர்த்தது. எது செத்தது, எது பிழைத்தது? தெரியாது. "என் மவன் மரம் துளிர்த்திருச்சு" என்றாள் ஜைனம்பு. யார் இல்லை என்று சொல்வார்கள்?

அந்தக் கோடையில்தான் கார்த்தி வந்தான். திருக்காட்டுப்பள்ளிப் பையன். மஸ்கட்டில் சாதிக்கோடு ஒரே ரூம், பக்கத்துப் பக்கத்துக் கட்டில். காலையில் எழுப்பிப் பார்த்தவன் அவன்தான். சாதிக் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். ஜைனம்பு அழவில்லை. கோழி அடித்துக் குழம்பு வைத்து, அவனை உட்கார வைத்துப் பரிமாறினாள். பையன் சோற்றை அள்ள முடியாமல் குனிந்தே இருந்தான். "சாப்புடுப்பா... சாப்புடு" என்று பக்கத்திலேயே இருந்தாள். உறவுக்காரப் பெண் ஒருத்தி அடுப்படியில் சொன்னது என் காதில் விழுந்தது — "ரெண்டு பேர் படுத்தாங்க, எந்திரிச்சது இவன். இவனுக்கு என்னத்துக்கு இவ்வளவு உபசாரம்?"

சரி, மரத்துக்கு வருகிறேன்.

ரபீக் பைக்கிலேயே என்னை ஏற்றிக்கொண்டு போனான். மரம் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது. காய்த்தும் இருந்தது. ஆனால் எல்லாம் பிஞ்சும் காயும். பழம் என்று ஒன்றுகூட இல்லை.

"ஏம்மா, இதுல பழமே வந்ததில்லையா?"

"எங்கண்ணே விடுறேன்? காயிலேயே பறிச்சுக் கூட்டு வச்சிருவேன். நாட்டு அத்திக்காய் வைக்கிறதில்லையா, அது மாதிரி. அக்கம்பக்கத்துக்கும் குடுத்துருவேன்."

"வருசம் பூரா கூட்டுத்தான் பெரியவரே" என்றான் ரபீக். "எங்களுக்கு நாக்கே செத்துப்போச்சு."

"நீ காருல போயி ஓட்டல்ல சாப்புடேன். யாரு வேணாங்குறா?"

நான் சிரித்துவிட்டேன். ஒரு மண்ணும் புரியாமல் சிரித்தேன்.

"பழம் தெரியாம நான் ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. சாதிக் இது எப்படிப் பழுக்கும்னு ஏதாவது சொன்னானா?"

"யாருக்கு ஞாவகம் இருக்கு" என்றாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இருந்ததில் பெரிய காயாக ஒன்றைப் பார்த்து, அணில் கடிக்காமல் ஒரு வெள்ளைத் துணியைத் தளர்வாகக் கட்டினேன். "இதை மட்டும் பறிக்காதே. பச்சையாவே துவண்டா உன் மவன் மரம். சிவந்தா நர்சரி மரம். பழத்தைவிட நாணயமான சாட்சி கிடையாது" என்று பெரிதாக வசனம் வேறு.

அவள் துணி முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதிலிருந்து எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. வேறு யார் வீட்டு மரமாக இருந்தாலும் ரகம் தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கும். இதில் தெரியவே வேண்டாம் என்று இருந்தது. டவுன் பஸ் ஏறிப்போய், முடிச்சை அவிழ்த்துப் பார்ப்பேன். பச்சை. "பச்சையா இருக்கு தங்கச்சி!" என்று நான்தான் கூவுவேன். அவள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அடுத்த தடவை — காய் கொஞ்சம் உப்பியிருந்தது. பச்சைதான்.

போன வெள்ளிக்கிழமை முடிச்சை அவிழ்த்தேன்.

தோளில் ஒரு சிவப்பு. கை பட்டுக் கன்றியதுபோல, கொஞ்சம்தான். திருப்பிப் பார்த்தேன். அடியில் கண் இருக்குமே, அதைச் சுற்றியும் சிவந்திருந்தது.

எத்தனை மரத்தைப் பார்த்திருக்கிறேன். எதற்கும் பொய் சொன்னதில்லை. வெயில் பட்டுச் சிவந்தது என்று சொல்லிவிடலாமா? சொன்னால் நம்புவார்கள். பெரியவர் சொன்னால் சரி என்றுதானே ரபீக் என்னைக் கூட்டிவந்தான்? திரும்பினால் பின்னாலேயே ஜைனம்பு நிற்கிறாள்.

"செவந்திருச்சாண்ணே?"

துணியைக் கையில் சுருட்டிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியும்ணே. 'உம்மா, இது பழுத்தாலும் பச்சையாத்தான் இருக்கும், காயின்னு விட்றாதீங்க'ன்னு போன்ல எத்தனை தடவை சொல்லியிருக்கான். மொத வருசம் இதுல ஒண்ணு லேசா செவக்க ஆரம்பிச்சுது. அன்னிக்கே பிச்சுப் போட்டேன். அப்புறம் ஒண்ணையும் பழுக்க விடல. பழுத்தாத்தானே தெரியும்?"

கூட்டு! வருஷம் பூரா அந்த வீட்டில் கூட்டு வெந்தது எதற்கென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் காயைப் பறிக்கவில்லை. மரத்தின் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். துணியைக் கட்டி அந்த வாயைத் திறந்துவிட்டவன் நான்.

"அப்புறம் ஏம்மா நான் கட்டுறப்போ விட்டே?"

"எத்தனை நாளைக்குண்ணே பறிச்சுக்கிட்டே கெடக்கிறது? கை வலிச்சுப்போச்சு."

ரபீக் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கெட்டவன் இல்லை அவன். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டான். "அப்ப மாமி... மச்சான் மரம் இல்லேன்னு ஆயிருச்சுல்ல. எடுத்துடவா?"

அவள் கை நீட்டிப் பழத்தைப் பறித்தாள். இன்னும் முழுசாகப் பழுக்கவில்லை. காம்பில் பால் வடிந்து விரலில் இறங்கியது. அரிக்கும், துடைத்துக்கொள் என்றேன். துடைக்கவில்லை. பிட்டு, பாதியை மருமகன் கையில் கொடுத்தாள். பாதியைத் தான் வாயில் போட்டு மெதுவாக மென்றாள்.

"ரபீக்கு, கார்த்தி வந்தானே... என் மவன் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்த புள்ள. நீ ஏன் சாவல, என் மவன் ஏன் செத்தான்னு அவனை வெளியிலயா தள்ளுனேன்? சோறுதானே போட்டேன்?"

மரத்தின் பக்கம் கையைக் காட்டினாள்.

"இதுவும் அவன் செடிக்குப் பக்கத்துல நின்னதுதான். அது அழுவுன தண்ணியிலதான் இதுவும் நின்னுச்சு. இருந்துட்டுப் போவுது."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் குடம். தண்ணீரை மரத்தின் அடியில் ஊற்றினாள். வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது, மேடு கட்ட வேண்டும் என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. மணல் மட்டும் ஒரு வண்டி அனுப்பியிருக்கிறேன்.

கார் இன்னும் தெருவில்தான் நிற்கிறது.