கான்கிரீட் போட்ட அன்று

கருமத்தம்பட்டியில் மெயின் ரோட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு காம்ப்ளெக்ஸ் இருக்கிறது. கீழே ஆறு கடைகள், மேலே ஒரு ஜவுளி ஆபீஸ். அதன் மொட்டைமாடி இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை. வீட்டுக்கு வருகிற யாரையும் இதைச் சொல்லாமல் அப்பா அனுப்பியதில்லை. அப்போதெல்லாம் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

அந்த மாடிக்குக் கான்கிரீட் போட்டபோது எனக்கு ஒன்பது வயது. பலகை அடித்துக் கம்பி கட்டி முடிக்க ஒரு மாதம் ஆகியிருந்தது. கொட்டுவது மட்டும் ஒரே நாளில். காலையில் பூஜை போட்டு மிக்சரை ஓடவிட்டால் கடைசி மூலை நிரம்பும்வரை நிறுத்தக் கூடாது. கொட்டியது இறுகிய பிறகு பக்கத்தில் புதிதாகக் கொட்டினால் இரண்டும் ஒட்டாது. பின்னால் அந்தக் கோட்டில்தான் மழைத்தண்ணீர் இறங்கும். இதையெல்லாம் அப்பா முந்தின நாளே எனக்கு விளக்கியிருந்தார். மகளுக்கு விளக்குவதில் அவருக்கு ஒரு பெருமை. எனக்கும்தான்.

கான்கிரீட் நாளில் வேலையாட்களுக்குக் கறிச்சோறு போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கட்டடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அம்மா நாற்பது பேருக்கு ஆக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய செல்போன் விளையாட என் கையில் இருந்தது. பத்து மணி சுமாருக்கு மாமா கூப்பிட்டார். அம்மாவின் தம்பி, சூலூரில் அப்பிச்சியோடு, அதாவது அம்மாவின் அப்பாவோடு, இருப்பவர். "அப்பாகிட்டக் குடு கண்ணு" என்றார். குரல் சரியில்லை. சாரப்படி ஏறிப் போய்க் கொடுத்தேன்.

அப்பா ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். "ரெண்டு மணிக்கெல்லாம் வந்தர்றோம்" என்று சொல்லிவிட்டு, அந்தப் போனையும் தன்னுடையதையும் அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"அப்பிச்சி தவறிட்டாருங் கண்ணு. அம்மாகிட்ட இப்பச் சொல்லக் கூடாது. அவ அழுதா ஆளுக வேலைய உட்டுப்போட்டு எறங்கீருவாங்க. நீ பெரிய பொண்ணு, சொல்ல மாட்டீல்ல?"

சொல்ல மாட்டேன் என்றேன். சூலூர் அரை மணி நேரத் தொலைவு. அம்மாவை மட்டும் ஒரு வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லையா, தோன்றியும் தள்ளிவிட்டாரா, இன்றும் எனக்குத் தெரியாது. கேட்டால் மாடி ஒழுகாததைச் சொல்வார்.

பன்னிரண்டு மணிக்கு மிக்சரின் பெல்ட் அறுந்தது. வேறு பெல்ட் வரும்வரை கையாலேயே கலக்கிக் கொட்டினார்கள். இரண்டு மணி ஐந்து மணியானது. ஆட்கள் முறைவைத்துச் சாப்பிட்டுப் போன பிறகு அம்மா கடைசியாக உட்கார்ந்தாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நானே பரிமாறினேன். அவளுக்குப் பிடித்த நல்லி எலும்பாகப் பொறுக்கி வைத்தேன். "எம் புள்ள என்னைக்குமில்லாம கவனிக்குது" என்று சிரித்தாள்.

காரில் போகும்போது அப்பா, "உங்கப்பாவுக்கு ஒடம்பு சரியில்லையாமா" என்று மட்டும் சொன்னார். சூலூரில் பெண்கள் வாசலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். உடலை எடுத்த பிறகுதான் வாசலைக் கழுவுவார்கள். அணைத்து வைத்த போனுக்கு எத்தனை முறைதான் கூப்பிடுவார்கள். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டார்கள். அம்மா காரைவிட்டு இறங்காமல் அந்த ஈர வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையிலேயே, கான்கிரீட் வெடிக்காமலிருக்க அதன்மேல் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும் என்று அப்பா கிளம்பிப் போய்விட்டார். அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"உனக்கு எப்பக் கண்ணு தெரியும்?"

"காலையிலயே தெரியுங்கம்மா. அப்பா சொல்லக் கூடாதுன்னாங்க. நான் சொல்லவே இல்ல."

"நான் சாப்பிடறப்பவும் தெரியுமா?"

"தெரியுங்கம்மா. அதனாலதான் நெறையக் கறி வெச்சேன்."

அம்மா என் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து கொல்லைப்பக்கம் போய் வாந்தியெடுத்தாள். நேற்றைய சாப்பாடு சேரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நான் ஓமத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.