தேயாத முன்சக்கரம்

அன்று டயர் கடையில் நான் இருந்தேன், என் அத்தா இருந்தார், கடைக்காரர் இருந்தார். அத்தாவின் வண்டியைக் கட்டிக்கொடுத்த மெக்கானிக் மட்டும் இல்லை. மனைவியின் ஊரில் ஒரு விசேஷம் என்று மாலூர்ப் பக்கம் போயிருந்தார். "நாலு நாள் பொறுங்க பாய், நானே வந்து பாத்து எடுத்துக் குடுக்கறேன்" என்று போனில் சொன்னார். அத்தா பொறுத்திருப்பார். பொறுக்காதவன் நான்.

அத்தாவின் இடது கால் சிறு வயதிலேயே இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிவிட்டது. அவருக்குக் கால் என்றால் வலது கால் ஒன்றுதான். அதை ஊன்றித்தான் எழுவார், அதை வைத்துத்தான் பிரேக் மிதிப்பார். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் அச்சு கொடுத்து இரண்டு சக்கரம் மாட்டி, மேலே கம்பிக்கூண்டு வைத்த மூன்று சக்கர வண்டி அவருடையது. கியருக்குக் கையால் தள்ளுகிற நெம்புகோல். கூண்டு நிறைய பிளாஸ்டிக் குடம், பக்கெட், முறம். காலையில் ஓசூரில் கிளம்பினால் தளி வழியாக ஜவளகிரி வரைக்கும் ஊர் ஊராகக் கூவி விற்றுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் திரும்புவார்.

அந்த மாதிரி வண்டியில் முதலில் சாவது முன் டயர்தான். இரண்டு சக்கர வண்டி வளைவில் சாயும். டயரும் அதோடு சாய்ந்து உருளும். மூன்று சக்கர வண்டி சாயாது. ஹேண்டிலைத் திருப்பினால் பின்னாலிருக்கும் பாரம் நேராகத் தள்ளும், முன்சக்கரம் அதை எதிர்த்து ரோட்டில் அரைபட்டுக்கொண்டே திரும்பும். நாலு மாதத்தில் டயரின் இரண்டு ஓரமும் சவரம் செய்தது போல ஆகிவிடும். நடுவில் மட்டும் கோடு மிச்சம் இருக்கும்.

அப்படித் தேய்ந்த ஓரத்தில்தான் ஒருநாள் முள் ஏறியது. ஜவளகிரிக்கு முந்தின காட்டுப் பாதை, யானை நடமாட்டம் என்று பலகை வைத்திருக்கும் இடம். அத்தாவால் வண்டியைத் தள்ளவும் முடியாது, விட்டுவிட்டு நடக்கவும் முடியாது. ரோட்டோரம் குடங்களுக்கு நடுவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்து மூங்கில் புதரில் ஏதோ முறியும் சத்தம் வந்ததாம், நின்றதாம், மறுபடி வந்ததாம். வனத்துறை ஜீப் ஒன்று வந்து ஏற்றிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். "ஓட முடிஞ்சவன்தான் பயப்படணும். எனக்கு என்னா, உக்காந்த எடத்துல உக்காந்திருந்தேன்."

அம்மா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. சீக்கிரம் தேயாத டயர் ஒன்றை நானே பார்த்து வாங்கிப் போடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் நான் ஒருவன்தான். டிப்ளமோ முடித்து, வண்டிகளுக்கு ரப்பர் புஷ் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனையில் ட்ரெயினியாகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ரப்பர் எவ்வளவு கெட்டி என்று பார்க்க அங்கே ஒரு மீட்டர் உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும், கடிகாரம் போல முகம், அடியில் மழுங்கிய ஊசி. ரப்பர்மேல் வைத்து அழுத்தினால் முள் ஓர் எண்ணைக் காட்டும். எண் கூடினால் ரப்பர் கெட்டி. கெட்டி ரப்பர் மெதுவாகத் தேயும். இது எனக்குத் தெரிந்த கணக்கு. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் அந்த மீட்டரை டிபன் பாக்ஸ் பையில், சாப்பிட்ட டப்பாவுக்கு அடியில் வைத்து, கேட்டில் பையைத் திறந்து காட்டிவிட்டு வெளியே வந்தேன். திங்கட்கிழமை திரும்ப வைத்துவிடலாம் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். வைத்தும்விட்டேன்.

கடைக்காரர் வழக்கமான டயர்களை வரிசையாக இறக்கினார். நான் ஒவ்வொன்றிலும் மீட்டரை வைத்து அழுத்தினேன்.

"என்னா தம்பி, டயருக்குக் காய்ச்சலா?"

அத்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "சும்மா இல்லீங்க. எம் மவன் கம்பெனில ரப்பர் டெஸ்ட் பண்றவன். அவன் ஓகேன்னு சொன்னாத்தான் பெங்களூருக்கு லாரி கெளம்பும்."

"அப்படியா! அப்ப என் கடையயும் ஓகே பண்ணிட்டுப் போகச் சொல்லுங்க பாய்."

அறுபத்தி ஒன்று. அறுபத்தி மூன்று. அறுபத்தி இரண்டு. எல்லாம் ஒன்றுபோல இருந்தன. மேலே, பரணில், சாயம் போன பேப்பர் சுற்றிய டயர் ஒன்று தெரிந்தது. அதை எடுக்கச் சொன்னேன்.

"அது வேணாம் தம்பி. ரொம்ப நாளா மேலயே கெடக்குது. புதுசு இருக்குதுல்ல, அதுல எடு."

"சும்மா இறக்குங்கண்ணா, பாத்துக்கறேன்."

இறக்கித் துணியால் துடைத்துக் கொடுத்தார். முள் எழுபத்தி ஆறில் நின்றது. மறுபடி வைத்தேன். எழுபத்தி ஆறு. வேறு இடத்தில் வைத்தேன். எழுபத்தி ஏழு. பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்தது போல இருந்தது எனக்கு.

"இதுதான்" என்றேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார், அத்தாவைப் பார்த்தார். "பாய், நீங்க என்னா சொல்றீங்க?"

"நான் என்னாத்தச் சொல்றது? படிச்சவன் சொல்லிட்டான்."

ஆயிரத்து இருநூறுக்கு வாங்கினோம். புது டயரைவிட ஐந்நூறு ரூபாய் குறைவு. மாட்டுவதற்குத்தான் கடைக்காரர் மிகவும் சிரமப்பட்டார். இரண்டு லீவர் போட்டு நெம்பியும் விளிம்பு ரிம்முக்குள் இறங்க மறுத்தது. "மரக்கட்ட மாதிரி இருக்குதே" என்றார். அதையும் நான் நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

டயர் தேயவில்லை. ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. புது டயரின்மேல் மயிர் போல நீட்டிக்கொண்டிருக்குமே ரப்பர் முளைகள், அவைகூட ஓரத்தில் அப்படியே நின்றன. அத்தா வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் வண்டியருகே கூட்டிப்போய்க் காட்டினார். அம்மா ஒருநாள் வாசல் தெளிக்க வந்தவள் குனிந்து பார்த்துவிட்டு, "ஏங்க, நெஜமாவே ஊர் ஊராப் போறீங்களா, இல்ல எங்கயாச்சும் நிப்பாட்டிட்டுத் தூங்கிட்டு வர்றீங்களா?" என்றாள்.

சின்னச் சின்னதாகச் சில விஷயங்களும் நடந்தன. பெட்ரோல் பங்க்கில் தரை கழுவியிருந்த ஈரத்தில் முன்சக்கரம் ஒரு முழம் வழுக்கிக்கொண்டு போனது. "வண்டி டான்ஸ் ஆடுச்சுடா" என்றார் அத்தா. தளிக்கு அந்தப் பக்கம் ஒரு வளைவில் மணல் சிதறிக் கிடந்த இடத்தில், திருப்பிய பிறகும் வண்டி கொஞ்ச தூரம் நேரே போனதாம். "முன்ன மாதிரி சொன்ன பேச்சக் கேக்கறதில்ல. கெட்டி டயருல்ல, அதுக்கு ரோசம் ஜாஸ்தி." சொல்லிவிட்டுச் சாப்பாட்டில் கை வைத்தார். நானும் கேட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

எனக்கு எப்போது தெரிந்தது என்பதை நான் மறைக்க முடியாது.

கம்பெனியில் வாரம் ஒருமுறை நான் செய்கிற இன்னொரு சோதனை உண்டு. ரப்பர் துண்டுகளின் கெட்டித்தன்மையை அளந்து எழுதிவிட்டு, அவற்றைச் சூட்டுப் பெட்டிக்குள் எழுபது டிகிரியில் மூன்று நாள் வைக்க வேண்டும். பல வருடப் பழக்கத்தில் ரப்பர் என்ன ஆகும் என்பதை மூன்று நாளில் பார்த்துவிடுவதற்கு அது. வெளியே எடுத்து மறுபடி அளப்பேன். வைத்தபோது அறுபது என்றால், எடுக்கும்போது அறுபத்தி ஏழு. எண்களை எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஒரு வருடமாக எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் அறுபது என்று எழுதி, பக்கத்தில் அறுபத்தி எட்டு என்று எழுதியவன், பேனாவை எடுக்காமல் அப்படியே நின்றேன். ரப்பர் கிழடானாலும் எண் கூடும். கிழட்டு ரப்பர் ரோட்டைப் பிடிக்காது. பரணில் பேப்பர் சுற்றிக் கிடந்த டயர் ஏன் எழுபத்தி ஆறு காட்டியது என்று அந்த இடத்தில், அந்தச் சூட்டுப் பெட்டிக்கு முன்னால் எனக்கு விளங்கிவிட்டது.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போனேன். வாசலில் அத்தா யாரோ ஒருவருக்கு டயரைக் காட்டிக்கொண்டிருந்தார். "தொட்டுப் பாருங்க, எம் மவன் தேடிப் புடிச்சது" என்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்தேன். காய்ந்த ரோட்டில் என்ன ஆகிவிடும்? அடுத்த சம்பளத்தில் புது டயர் வாங்கி, இது கொஞ்சம் வெடிப்பு விட்டிருக்கிறது என்று ஏதாவது சொல்லி மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். வெடிப்பு நிஜமாகவே விட்டிருந்தது. பக்கவாட்டில், எழுத்துகளைச் சுற்றி, காய்ந்த ஏரி போல. ஒரு ஞாயிற்றுக்கிழமை குத்தவைத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தா கதவருகே வந்து நின்று, "என்னா, டெஸ்டா?" என்றார். "சும்மா" என்றேன். அப்படிப் பதினெட்டு நாள் போனது. ஒவ்வொரு நாளும் காலையில் அவர் வண்டியை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டுத்தான் விழிப்பேன். சத்தம் தெருமுனை தாண்டி மறையும் வரை கண்ணைத் திறக்க மாட்டேன்.

மழை காலம் பார்த்து வரவில்லை. நண்பகலில் எங்கள் கம்பெனித் தகரக் கூரையில் விழுந்தது. சேர்ந்தாற்போல் பத்து நிமிடம்கூடப் பெய்யவில்லை. புழுதியை நனைத்துச் சேறாக்குகிற அளவுக்கு மட்டும். மேலே பார்த்துக்கொண்டே அளந்தேன். என்ன எழுதினேன் என்று நினைவில்லை.

எங்கள் கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து எடுத்தபோது பதினோரு அழைப்புகள். எல்லாம் அம்மா.

தளி தாண்டி ஒரு இறக்கத்து வளைவு. அத்தா ஹேண்டிலைத் திருப்பியிருக்கிறார். சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. குடங்களும் அவருமாக நேரே போய் ஓடைப் பாலத்தின் கட்டைச் சுவரில் மோதி, என்ஜினுக்கும் சுவருக்கும் நடுவில் வலது கால் சிக்கிக்கொண்டது. தக்காளி ஏற்றிப்போன வேன்காரர் ஒருவர் இறங்கி, கூடைகளை ஓரமாக அடுக்கி, அத்தாவை நடுவில் படுக்கவைத்து ஓசூருக்குக் கொண்டுவந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தைக் காட்டினார். "இந்தக் கால நிக்க வெக்க முடியுமான்னு ஆபரேஷன் பண்ணிப் பாத்தாத்தான் தெரியும். இன்னொரு கால் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே அத்தாவின் போர்வையை விலக்கினார். பிறகு அதைத் திரும்ப இழுத்து மூடினார்.

மறுநாள் மெக்கானிக் வண்டியை டெம்போவில் எடுத்துவந்து தன் பட்டறையில் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முன்சக்கரத்தின் அருகே உட்காரச் சொன்னார். அவர் வீட்டுப் பேச்சு கன்னடம். கோபம் வந்தால் தமிழோடு அதுவும் கலக்கும்.

"நோடப்பா, இங்க பாரு." கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்தினார். தடம் விழவில்லை. பிறகு பக்கவாட்டில் ஒரு சின்ன வட்டத்துக்குள் இருந்த நாலு எண்களைக் காட்டினார். "மொதல் ரெண்டு நம்பர் டயர் செஞ்ச வாரம், அடுத்த ரெண்டு நம்பர் வருஷம். இத ஒருத்தரும் பாக்கலையா? உங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, சரி. கூட யார் போனது?"

டயர் பிறந்த வருடத்தைப் பார்த்தேன். நான் ஒன்பதாம் வகுப்பு படித்த வருடம்.

"நான்தாண்ணா" என்றேன்.

அவர் அதற்குமேல் திட்டவில்லை. எழுந்து போய்க் கை கழுவினார். திட்டியிருக்கலாம்.

கம்பெனியில் எனக்கு இ.எஸ்.ஐ. எல்லாம் கிடையாது, ட்ரெயினி. அம்மாவின் வளையல்கள் போயின, கூண்டோடு வண்டி போனது, நான் மூன்று இடத்தில் கை நீட்டினேன். முதல் ஆபரேஷனில் வைத்த தகடு சரியாக உட்காரவில்லை என்று இரண்டாவது முறை திறந்தார்கள். இரண்டு நாள் காய்ச்சல் இறங்கவில்லை. காலை எடுக்க வேண்டி வரலாம் என்று ஒரு காகிதத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்தவன் நான்தானே. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. கால் நின்றது. முழங்கால் இனி பாதிதான் மடங்கும் என்றார்கள். பிரேக் மிதிக்கிற கால் இல்லை அது இனிமேல். கட்டையை ஊன்றி கக்கூஸ் வரை போய் வருகிற கால்.

டிஸ்சார்ஜ் ஆகிற அன்று, அம்மா மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மீட்டரை எடுத்துவந்தது, சூட்டுப் பெட்டி, பதினெட்டு நாள்.

அத்தா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரிஞ்சுமா சொல்லல?"

"ஆமாத்தா."

"பயமா?"

"நீங்க எல்லாருக்கும் காட்டிட்டு இருந்தீங்க."

நர்ஸ் வந்து அவர் கையிலிருந்த ஊசியைப் பிடுங்கிப் பஞ்சு வைத்துவிட்டுப் போனார். அத்தா பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "மொத்தம் எவ்ளோ ஆச்சு?" என்று கேட்டார்.

கையிலிருந்த ரசீதுகளைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. டயரோடு சேர்த்துச் சொன்னேன்: இரண்டு லட்சத்து பதினான்காயிரத்து அறுநூறு ரூபாய்.