இரண்டாம் எண் கட்டம்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நேரங்களை நினைவிலிருந்து சொல்லவில்லை. ஒவ்வொரு படத்திலும் கேமராவே பதித்து வைத்திருக்கிறது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

நான் கல்யாணப் படம் எடுப்பவள். உதவிக்கு ஆள் வைத்துக்கொள்வதில்லை. ஒண்டிக்கட்டை. வேலையிலும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான். பதினோரு வருடமாக.

முதலில் என் கேமராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். அப்போதுதான் மற்றது புரியும். இப்போதைய கேமராக்கள் முகத்தைத் தாங்களாகவே தேடிப் பிடிக்கும். இரண்டு கரும்புள்ளி, நடுவே ஒரு மேடு, கீழே ஒரு கோடு... இந்த அமைப்பு தென்பட்டால் போதும், திரையில் அதைச் சுற்றி ஒரு கட்டம் விழும். ஆள் நகர்ந்தால் கட்டமும் நகரும். கிட்டே வந்தால் பெரிதாகும். வேண்டியவர்கள் முகத்தை முன்கூட்டியே எண் போட்டுப் பதிந்தும் வைக்கலாம்; எத்தனை பெரிய கூட்டத்திலும் கேமரா அவர்களைத் தவறவிடாது. மணப்பெண்ணை ஒன்று என்று பதிவேன். அவளுக்கு மிக நெருங்கியவரை இரண்டு என்று பதிவேன்.

இந்தப் பெண்ணுக்கு இரண்டாம் எண் அவள் அப்பா. முந்தின நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துத்தான் பதிந்தேன். கல்யாணத்தன்று காலை பத்து மணிக்கு அவருக்கு இதய ஆபரேஷன். அதைத் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்யாணத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார்.

"வராத ஆளைப் பதிஞ்சு என்னம்மா பண்ணப் போறே?" என்று சிரித்தார்.

"கைப்பழக்கம்ப்பா."

"எனக்கு ஒரே ஒரு படம் போதும். கண்ணு தெளிவா இருக்கணும். அழுதாளா, சிரிச்சாளான்னு நான் பார்க்கணும். முழிச்சதும் மொதல்ல அதைத்தான் காட்டச் சொல்லியிருக்கேன்."

சற்று நிறுத்தி, "முழிச்சா..." என்றார்.

மறுநாள் காலை 10:30. கல்யாண மண்டபத்தின் மாடியில் மணப்பெண் அறை. எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன். சுற்றி ஆள் இருந்தால் பெண் அவர்கள் முகத்தைப் பார்த்துத் தன் முகத்தை மாற்றிக்கொள்வாள். தனியாக விட்டால்தான் சொந்த முகம் வெளியே வரும்.

"நாங்க என்ன, அவளை முழுங்கிடவா போறோம்?" என்று முனகிக்கொண்டே சித்தி கடைசியாகப் போனாள்.

கதவைச் சாத்தினேன். பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தேன். ஒரே ஜன்னல். அதன் பக்கத்தில் ஸ்டூலில் பெண். பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். திரைச்சீலை இல்லை, படம் இல்லை, ஆணி கூட இல்லை.

10:38. முதல் படம். அவள் முகத்தில் கட்டம், எண் ஒன்று. கண் கலங்கியிருந்தது.

"அப்பாவை உள்ள கொண்டு போயிருப்பாங்கல்லக்கா?"

"போயிருப்பாங்க."

"தனியா இருப்பாரு."

"டாக்டருங்கல்லாம் இருக்காங்களே."

"அவங்களுக்கு அப்பாவைத் தெரியாதே."

ஜன்னல் வெளிச்சத்துக்கு ஏற்பக் கேமராவைச் சரிசெய்தேன்.

10:42. அடுத்த படத்துக்கு அழுத்தும்போது திரையில் இன்னொரு கட்டம்.

அவள் தோளுக்கு மேலே, நிற்கும் ஆளின் உயரத்தில். சுவரில்.

பயப்படவில்லை. கேமரா ஏமாறும். கதவுக் கைப்பிடியைக் கூட முகம் என்று சொல்லும். ஆனால் அங்கே கைப்பிடி இல்லை. லென்ஸில் தூசியோ என்று இரண்டடி நகர்ந்து பார்த்தேன். தூசி என்றால் அதுவும் என்னோடு நகர வேண்டும்.

நகரவில்லை. அவளருகிலேயே நின்றது.

பிறகு அதன் மூலையில் எண் வந்தது.

இரண்டு.

"தாடையைக் கொஞ்சம் இறக்கும்மா" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

கட்டம் மெதுவாகக் கீழே இறங்கியது... குனிந்து அவள் முகத்தைப் பார்ப்பது போல.

"அக்கா, மருந்து வாடை வருதா?" என்றாள். கேட்டுக்கொண்டே சிரித்தாள். என்னைப் பார்த்து அல்ல.

அழுத்தினேன். க்ளிக். 10:44.

கட்டம் நிமிர்ந்தது.

பெரிதானது.

இன்னும் பெரிதானது... என்னை நோக்கி வந்தது.

எனக்கு ஓரடி முன்னால் நின்றது. திரையின் இடது ஓரத்தில். நேராக என்னைப் பார்க்கிறதா, எனக்குப் பின்னால் எதையோ பார்க்கிறதா...

இடது தோளில் கனமாக இருந்தது. பையின் பட்டை.

பை நாற்காலியில் இருந்தது.

நான் திரும்பவில்லை.

10:46. மறுபடி அழுத்தினேன். கட்டம் அணைந்தது.

தோளில் கனம் மட்டும் போகவில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்கள் அத்தனை தெளிவு. ஆஸ்பத்திரியில் இருந்த அவள் அண்ணனுக்கு உடனே அனுப்பினேன்.

அப்பா பிழைத்துக்கொண்டார். மாலையில் அண்ணன் போனில் சொன்னான்: ஆபரேஷன் நடுவில் இதயம் நின்றுவிட்டதாம். நான்கு நிமிடம். 10:42 முதல் 10:46 வரை.

ஒரு மாதம் கழித்து ஆல்பத்தைக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். மகளும் வந்திருந்தாள். அவள் காபி போட உள்ளே போனதும், அப்பா ஆல்பத்தைத் திறக்காமலே பேசினார்.

"இதை அன்னிக்கே பார்த்துட்டேன்ம்மா. முழிக்கறதுக்கு முன்னாலயே. ஜன்னல் பக்கத்துல ஸ்டூல். நீ தாடையை இறக்கச் சொன்னே. இவ சிரிச்சா. எனக்கு அது போதும்னு ஆச்சு."

நான் ஆல்பத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்னு இருந்தேன். உன் பின்னால ஒரு அம்மா நின்னாங்களே, உன் தோள்ல கையை வெச்சுக்கிட்டு... கிட்ட வந்துகூடப் பார்த்தேன், முகம் பிடிபடல. யாரும்மா அது?"

"நான் தனியாத்தான்ப்பா வந்தேன்."

அவர் தலையை நிமிர்த்தினார். என் இடது தோளுக்கு மேலே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

பிறகு உள்ளே இருந்த மகளுக்குக் குரல் கொடுத்தார்.

"அம்மாடி... இன்னொரு நாற்காலி கொண்டுவா."